அப்பாவின் கொப்பிகளைக் காத்தவர்களுக்கு

முரசுமோட்டை, கண்டாவளை, பரந்தன் உறவுகளுக்கு,

நேற்றுத்தான் கடைசிக் கொப்பி காய்ந்தது. கோயில் மண்டபத்தில் விரித்திருந்த தாள்களை அடுக்கி முடித்த கையோடு இதை எழுதுகிறேன். அந்த இரவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இரணைமடுக் குளத்து வெள்ளம் என் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. உங்கள் நெல்லும் மாடும் போன நேரத்தில், செத்துப்போன ஒரு மனிதரின் பழைய தாள்களுக்காக ஓடிவந்தீர்கள். நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

அப்பாவை உங்களில் பலருக்கு 'ஸ்தபதியார்' என்றுதான் தெரியும். சுவாமிமலையில் மெழுகு வேலையும் வார்ப்பும் பழகி, 1979 இல் கோபுர வேலைக்கென்று தலைமன்னாரில் கப்பலால் இறங்கியவர். ஆறு மாத வேலை என்று சொல்லித்தான் வந்தாராம். இங்கே அம்மாவைக் கண்டார், நின்றுவிட்டார். 1984 இல் கப்பலும் நின்றது. அதற்குப் பிறகு பிறந்த ஊரைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவர் கட்டிய சுதை உருவங்களில் ஒன்றைக்கூடப் போர் விட்டுவைக்கவில்லை. சனிக்கிழமைகளில் புளியமரத்தடியில் காசு வாங்காமல் நடத்திய வகுப்பும் அவரோடு போயிற்று. மிஞ்சியது ஒரு தகரப்பெட்டியும் அதற்குள் முப்பத்தேழு கொப்பிகளும்தான். 2008 இல் இடம்பெயரும்போது பங்கருக்குள் புதைத்துவிட்டு, திரும்பி வந்து கிண்டி எடுத்த பெட்டி அது.

அந்தக் கொப்பிகளில் என்ன இருக்கிறது என்று கேட்டவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். சுவாமிமலையில் மெழுகு உருவத்தின் மேல் முதற்பூச்சாகக் காவிரி வண்டலைப் பூசுவார்கள். வன்னியில் காவிரிக்கு எங்கே போவது? எங்கள் குளத்து மண்ணை அரித்து, உமிக்கரி எவ்வளவு சேர்த்தால் அச்சு வெடிக்காது என்று பதினாறு தரம் சுட்டுப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தரத்துக்கும் கணக்கு, வெடித்த இடத்தின் படம், அன்று யார் மண் பிசைந்தது என்ற குறிப்பு. உத்தம தசதாளம் என்ற சிற்ப அளவுமுறையில் உருவத்தை 124 பங்காகப் பிரிப்பதை நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு கொப்பி முழுக்க எழுதியிருக்கிறார். தென்னோலையை உருவத்தின் உயரத்துக்கு நறுக்கி, மடித்து மடித்து அளவு காணும் ஒடியோலை ஒன்று அதற்குள்ளேயே இருந்தது. இவையெல்லாம் வேறு எங்கும் இல்லை.

தண்ணீர் வடிந்த காலையில் கொப்பிகளை வெயிலில் போடத்தான் தூக்கினேன். அந்த நேரம் பார்த்து, அப்பாவிடம் படித்து இப்போது வெளிநாட்டில் ஆவணக்காப்பகம் ஒன்றில் வேலை செய்யும் தங்கச்சி அழைத்தாள். "அக்கா, வெயிலில போடாதேங்கோ. ஒட்டின தாளைப் பிரிக்காதேங்கோ. ரண்டு நாளில பூஞ்சணம் பிடிச்சிடும். அப்பிடியே உறைய வையுங்கோ, பிறகு ஆறுதலாக் காயவைக்கலாம்."

சரி, உறைய வைக்க எங்கே போவது? ஊரில் கரண்டே இல்லை.

பரந்தனில் மீன்கடை வைத்திருக்கும் அண்ணையிடம் ஜெனரேற்றர் இருந்தது. அவர் அப்பாவைக் கண்டதே இல்லை. பிறீசருக்குள் நத்தார் வியாபாரத்துக்கு எடுத்த மீன் நிறைந்து கிடந்தது. லான்மாஸ்டரில், அந்தக் கை உழவு இயந்திரத்தில், பெட்டியோடு போய் நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் அழுதேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எவ்வளவு இடம் வேணும், தங்கச்சி?"

பிறகு மீனெல்லாவற்றையும் வெளியே எடுத்து, வீதியோரம் சாக்கு விரித்து, வந்த விலைக்குக் கொடுத்தார். வெள்ளத்தில் நின்ற சனத்துக்குப் பாதியைச் சும்மாவே கொடுத்ததையும் பார்த்தேன். பிறீசரை இரண்டு தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். மணம் தாளில் ஏறிவிடும் என்று மூன்றாம் தரம் தேசிக்காய் தேய்த்தார். அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. இருபத்துமூன்று நாள் அந்தக் கொப்பிகள் அங்கே இருந்தன. கரண்ட் வரும்வரை எண்ணெய்ச் செலவும் அவருடையதுதான். ஒவ்வொரு இரவும் தொலைபேசியில் குரல் அனுப்புவார்: "கொப்பியள் சுகமா இருக்குது, தங்கச்சி." காசு நீட்டியபோது, சுண்டிக்குளத்தில் தொழில் செய்யும் தன் தம்பிமாரைச் சொல்லி, "இதுக்கு வாடகை வாங்கினா அவங்களுக்கு மீன் படுமோ?" என்று கையைத் தட்டிவிட்டார்.

மெழுகுத்தாள் கட்டுக்கட்டாகத் தந்த பேக்கரிக்காரருக்கும், லான்மாஸ்டர் ஓட்டிய தம்பிக்கும், மண்டபத்தைத் திறந்துவிட்ட ஐயருக்கும், வீட்டு மின்விசிறிகளைக் கழற்றிக்கொண்டு வந்தவர்களுக்கும், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஈரம் உறிஞ்சும் தாள்களை மாற்றி மாற்றி வைத்த பிள்ளைகளுக்கும் என் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

எல்லாமே தப்பவில்லை. அப்பா எப்போதும் பென்சிலால் எழுதுவார், அதனால் அவருடைய எழுத்து அப்படியே நிற்கிறது. அப்பம்மா அவருக்கு எழுதிய கடிதங்கள் பேனா மையில் எழுதியவை. அவை வெறும் நீலக் கறையாகிவிட்டன. அந்தத் தாள்களையும் எறியவில்லை, எறியவும் மாட்டேன்.

இனி இவை ஒரே பெட்டிக்குள் இருக்கப்போவதில்லை. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது, ஒற்றைப் பிரதியாக இருந்த ஏடுகள் அதோடு போனவைதான். அது தெரிந்தும் இத்தனை வருடம் நான் சோம்பியிருந்தது பெரும் பிழை. ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, 2005 முதல் எங்கள் எழுத்துகளை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கொடுக்கப்போகிறேன். இன்னொரு பிரதி இங்கே பள்ளிக்கூடத்துக்கு. சனிக்கிழமை வகுப்பையும் திரும்பத் தொடங்குகிறேன். அப்பாவின் கை எனக்கு இல்லை. ஆனால் மண் கலக்கும் கணக்கு இருக்கிறது.

பிறீசரிலிருந்து கொப்பிகளின் கடைசிக் கட்டை எடுக்கப் போன அன்று, ஏற்கெனவே காய்ந்த கொப்பி ஒன்றை அண்ணைக்குக் காட்டக் கொண்டுபோனேன். கையைத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். மகரம் கீறிய பக்கத்தில் நிறுத்தினார். யானைத் துதிக்கை, முதலை வாய், மீன் உடம்பு. ஓரத்தில் அப்பா எழுதியிருந்தார்: 'சந்தையில் கொடுவா ஒன்று வாங்கிப் பார்த்தேன். செதில் தலையிலிருந்து வாலுக்கு, ஓடு வேய்ந்த மாதிரி.' அண்ணை கனநேரம் பார்த்தார். "செதில் சரியாப் போட்டிருக்கிறார். கனபேர் மாறித்தான் கீறுவினம்" என்றார். பிறகு, கடையில் மாட்ட அந்தப் பக்கத்தின் பிரதி ஒன்று கிடைக்குமா என்று கேட்டார்.

கண்ணாடிச் சட்டம் போடக் கொடுத்திருக்கிறேன், அண்ணை. சனிக்கிழமை காலையில் கொண்டுவருகிறேன்.

ஸ்தபதியாரின் மகள்
முரசுமோட்டை