உளுந்துக்கும் ஒரு வெப்பமானி வேண்டும்

வேளாண்மைத் துறை அதிகாரிகளுக்கும் வம்பன் தேசிய பயறு ஆராய்ச்சி மையத்து விஞ்ஞானிகளுக்கும் வணக்கம்.

டெல்டாவில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கும் நெல்லுக்குள் உளுந்தைத் தெளிக்கிறவர்களில் நானும் ஒருவன். மண்ணில் மிஞ்சிய ஈரமும் பனியும்தான் அதற்குப் பாசனம். போர்வெல் உள்ளவர்கள் ஒரு தண்ணீர் கொடுக்கலாம். அந்த ஒரு தண்ணீரை என்றைக்குக் கொடுப்பது? இலை வாடியதைக் கண்டு மோட்டாரைப் போடுவதற்குள் பூ கொட்டிவிடுகிறது.

வாடுவதற்கு முன்பே இலை சுடத் தொடங்கிவிடும். ஈரம் இருக்கும்வரை இலைத்துளைகள் வழியே நீர் ஆவியாகி இலையைக் குளிர்விக்கிறது. ஈரம் குறைந்தால் துளைகள் மூடி, வெப்பம் ஏறுகிறது. இதை அகச்சிவப்பு வெப்பமானியால் தொடாமலே அளக்கலாம். அமெரிக்காவின் அரிசோனாவில் ஐட்சோ, ஜாக்சன் ஆகிய விஞ்ஞானிகள் 1981-லேயே இதிலிருந்து பயிர் நீர்த்தட்டுப்பாட்டுக் குறியீட்டை வகுத்துவிட்டார்கள். 0 என்றால் தட்டுப்பாடு இல்லை. 1 என்றால் நீராவிப்போக்கே நின்றுவிட்டது.

ஆனால் அவர்கள் வறண்ட காற்றில் கண்ட கணக்கை நாகப்பட்டினத்துக் கடல்காற்றில் அப்படியே போட முடியாது. காற்றில் ஈரம் மிகுந்தால், நன்றாகத் தண்ணீர் குடித்த செடியும் அவ்வளவாகக் குளிராது. எங்கள் உளுந்துக்கு, எங்கள் மாசி மாத மதியத்துக்கு, காற்றைவிட இலை எத்தனை டிகிரி ஏறினால் தண்ணீர் விட வேண்டும் என்ற அளவுகோலை இங்கேயே வயலில் அளந்து வகுத்துத் தாருங்கள். அதை ஒரு சின்ன அட்டையில் அச்சிட்டுக் கொடுத்தால் போதும்.

கருவியை மட்டும் கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். செடி இடைவெளி மூடாத வயலில், நேர் மேலிருந்து பார்த்தால் கருவி மண்ணையும் நெல் தாளையும் சேர்த்து அளந்து சூட்டைக் கூட்டிக் காட்டும். மேகம் கடக்கும்போது எடுத்த அளவு உதவாது. பயறு வகைகள் பல, தண்ணீர் குறைந்தால் இலையை வெயிலுக்கு இணையாகத் திருப்பிக்கொண்டு சூட்டைக் குறைத்துக்கொள்ளும். எங்களைவிட அவற்றுக்குத் தந்திரம் அதிகம். வேரழுகல் வந்த செடியோ ஈர மண்ணில் நின்றும் சுடும். அதற்குத் தண்ணீர் விட்டால் கேடுதான். இவற்றை எங்கள் வரப்பில் நின்று சொல்லித்தர ஆள் வேண்டும்.

கொரோனாக் காலத்தில் நெற்றியில் காட்டிய கருவியை வயலில் நீட்டிப் பார்த்தேன். அது மனித உடலுக்கென்று திருத்தியது, இலைக்கு ஆகவில்லை. வட்டாரத்துக்கு ஒரு நல்ல கருவி கொடுத்தாலும் முறை வைத்து வாங்கிக்கொள்வோம். அடுத்த தை விதைப்புக்குள் கிடைக்குமா?

இப்படிக்கு,
டெல்டா உளுந்து விவசாயி ஒருவன்