வதைமுகாம் சீருடைகளைத் துவைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாஜி வதைமுகாம்களில் எஞ்சிய பொருள்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். குடும்பங்களிடம் இருக்கும் கைதிச் சீருடைகளை நன்றாகத் துவைத்து, கிழிசலைத் தைத்து அருங்காட்சியகத்திடம் தரலாம் என்று அதில் ஒரு வரி வருகிறது. பழந்துணிப் பாதுகாப்பில் பணிபுரிபவர்கள் என்ற முறையில் சொல்கிறோம்: யாரும் இதைச் செய்துவிடக் கூடாது. ஐரோப்பாவில் வாழும் உங்கள் வாசகர்களின் கையில் இப்படியொரு சட்டை எப்போது வேண்டுமானாலும் வந்து சேரலாம்.

இந்தச் சீருடைகளின் நீலமும் வெள்ளையுமான பட்டை போட்ட துணி 1938 வாக்கில் முகாம்களில் பரவலானது. கோடைக்குப் பருத்தியோ லினனோ கொடுத்தார்கள். குளிர்காலத் துணியில் கம்பளியோடு ரேயான் இழை கலந்திருக்கும். ராவென்ஸ்புரூக் பெண்கள் முகாமில் முகாம்களை நடத்திய நாஜி எஸ்.எஸ். படையின் டெக்ஸ்லெட் நிறுவனம் நடத்திய தையற்கூடங்களில், கைதிப் பெண்களே இவற்றில் பலவற்றைத் தைத்தார்கள். ரேயான் நனைந்தால் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். எண்பது ஆண்டுகளில் நைந்துபோன சட்டையை வாளியில் முக்கித் தூக்கினால், உறிஞ்சிய தண்ணீரின் எடையே தோள் தையலைக் கிழித்துவிடும். கைதி எண்ணை எழுதிய மையும் கரையக்கூடும். கைதியின் வகையைக் காட்டச் சட்டையில் தைத்த முக்கோணத்தின் சிவப்புச் சாயம் பக்கத்து வெள்ளைப் பட்டையில் ஊறிவிட்டால் அதை எடுக்க வழியில்லை.

துவைத்தால் துணி மட்டும் கெடுவதில்லை, சான்றும் போய்விடும். கழுத்துப்பட்டையின் வியர்வைக் கறை, தையல் மடிப்பில் ஒட்டிய பேன் முட்டை, ரத்தம், இயந்திர எண்ணெய் எல்லாமே தடயங்கள். உள்பக்கம் ரகசியமாகத் தைத்த சிறு பை, கிடைத்த நூலால் போட்ட ஒட்டு ஆகியவை அந்தக் கைதியின் கைவேலை. இன்றைய நூல் அதன்மேல் ஏறினால் எது யாருடைய தையல் என்று பிரிக்க முடியாது. முக்கோணம் பிய்க்கப்பட்டிருந்தால்கூட ஊசித் துளைகளும், அடியில் வெளுக்காமல் நின்ற நிறமும் அதன் வடிவத்தைக் காட்டும். இஸ்திரிப்பெட்டி அந்தத் துளைகளை மூடிவிடும்.

எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதும் கட்டுரை சொல்வதுபோல் எளிதல்ல. கைதிகளுக்கு எண்ணைப் பச்சை குத்தியது ஆஷ்விட்ஸ் முகாமில் மட்டுமே. பொதுவாக எண் எழுதிய துணித்துண்டைச் சட்டையின் இடது மார்பிலும் கால்சட்டையிலும் தைத்தார்கள். புக்கன்வால்டில் இறந்தவரின் எண்ணையே புதிதாக வந்தவருக்குக் கொடுத்தார்கள். ஆஷ்விட்ஸில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசைகள். 1944இல், எண்ணுக்கு முன் 'ஏ', 'பி' எழுத்துகளைக் கொண்ட வரிசைகளும் சேர்ந்தன. முகாம் மாறினால் எண்ணும் மாறும். ஆகவே முதலில் எந்த முகாம், எந்த ஆண்டு என்று தீர்மானித்த பிறகே ஜெர்மனியின் அரோல்சன் ஆவணக்காப்பகத்தில் தேட வேண்டும். அங்கே சுமார் 1.75 கோடிப் பேரின் பெயர்கள் உள்ளன. கைதி அட்டையையும் இடமாற்றப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். ஒரே பெயருக்குப் போலந்து, ஜெர்மன், இத்திஷ் (ஐரோப்பிய யூதர்களின் மொழி) எழுத்துமுறைகள் மூன்றிலும் தேடுங்கள். மங்கிய எண்ணை அகச்சிவப்புப் படம் சில மைகளில் வெளிக்கொண்டுவரும்.

2015இல் நியூயார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில், அலமாரிக்குள் டாஹாவ் முகாமின் சட்டை ஒன்று கிடைத்தது. குயின்ஸில் உள்ள குப்பர்பெர்க் ஹோலோகாஸ்ட் (யூத இனப்படுகொலை) மையம் அது லித்துவேனிய யூதரான பென்சியன் பெரெசெக்கியுடையது என்று நிறுவியது. குடும்பத்தினர் பத்திரப்படுத்தியிருந்த காகிதங்கள் அதற்குப் பெரிதும் உதவின. சட்டையோடு வரும் கடிதம், இழப்பீட்டு விண்ணப்பம், புகைப்படம் எதையும் தனியே பிரித்துவிடாதீர்கள்.

போலிகளும் உண்டு. திரைப்படங்களுக்குத் தைத்தவை அசல் என்ற பெயரில் விற்பனைக்கு வருகின்றன. நினைவு நாள்களில் அணிவதற்காகத் தப்பிப்பிழைத்தவர்களே பின்னர் தைத்துக்கொண்டவையும் இருக்கின்றன; அவை போலி அல்ல, வேறு வகை ஆவணம். பாலியஸ்டர் நூல் தென்பட்டால் அந்தத் தையல் போருக்குப் பிந்தியது. புற ஊதா விளக்கில் துணி நீலவெண்மையாக ஒளிர்ந்தால் சந்தேகப்படலாம், ஆனால் அது மட்டும் முடிவாகாது: பிற்காலச் சலவைத்தூளில் ஒருமுறை துவைத்த அசல் சட்டையும் அப்படியே ஒளிரும். மறுபக்கம், பட்டையே இல்லை என்பதற்காக எதையும் ஒதுக்கிவிடக் கூடாது. போரின் கடைசிக் காலத்தில் பட்டைத்துணிக்குத் தட்டுப்பாடு வந்தபோது, சாதாரண உடைகளின் முதுகில் எண்ணெய் வண்ணத்தால் பெருக்கல் குறி வரைந்து கொடுத்தார்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நைட்ரைல் கையுறை அணிந்து, இரு பக்கமும் அளவுகோலோடு படம் எடுங்கள். பைகளில் உள்ளதை வெளியே எடுக்கும் முன் அதையும் படமெடுங்கள். அமிலமற்ற, காரம் சேர்க்காத மெல்லிய தாளைச் சுருட்டி மடிப்புகளுக்குள் வைத்து, அமிலமற்ற பெட்டியில் தட்டையாகப் படுக்க வையுங்கள். கம்பித் தொங்கியில் மாட்டினால் தோள் இற்றுப்போகும். பெருக்கல் குறியின் மேல் மடிப்பு விழக் கூடாது. காய்ந்த வண்ணம் செதிலாக உதிரும். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி இருக்கட்டும். காட்சிக்கு வைத்தால் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது. பூச்சி இருந்தால் நாப்தலின் உருண்டை வேண்டாம். பாலித்தீன் உறையில் காற்றுப் புகாமல் மூடி, மைனஸ் 30 டிகிரி செல்சியஸில் மூன்று நாள் வைக்க வேண்டும். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் உறையைத் திறக்காதீர்கள்; குளிர்ந்த துணியில் நீர் கோர்த்துக்கொள்ளும். வண்ணம் பூசிய உடையை உறைய வைக்கக் கூடாது. அதற்கு ஆக்சிஜனை நீக்கும் முறை உண்டு, அதைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அந்த வரிக்கு அடுத்த ஞாயிறு இணைப்பிலேயே திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழந்துணிப் பாதுகாப்புப் பணியாளர்கள்,
சென்னை