தம்பிக்கு, பெலிவோவைப் பற்றி

அன்புள்ள தம்பி,

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் நோவும் கொஞ்சம் குறைவு. போன கிழமை கதைக்கேக்க, "என்னைக் கூட்டிக்கொண்டு போய் பெரிய வரிசையில நிண்டியளே, அது ஆருக்கு அப்பா?" எண்டு கேட்டாய். அவசரத்தில் ஒழுங்காகச் சொல்லவில்லை.

அது ஐஸ் ஹொக்கி வீரர் ழான் பெலிவோவுக்கு. 2014 மார்கழி 2ஆம் திகதி காலமானவர். மொன்றியல் ஹொக்கி அரங்கான பெல் சென்ரரில் அவருடைய உடலை இரண்டு நாள் அஞ்சலிக்கு வைத்திருந்தார்கள். உனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

அவர் விளையாடி நான் பார்த்ததில்லை. மொன்றியலுக்கு வந்து நான் சட்டி கழுவிய சமையலறையில் இருந்த கிழவர்தான் அவரைப் பற்றிச் சொன்னவர். 1955இல் எதிரணியான பொஸ்டன், விதி மீறிய தண்டனையில் ஆள் குறைந்திருந்த நேரம், 44 விநாடியில் மூன்று கோல் போட்டாராம். அதைச் சொல்லும்போது அகப்பையால் சட்டி விளிம்பில் மூன்று தரம் தட்டுவார். அந்தக் காலத்தில் எத்தனை கோல் விழுந்தாலும் தண்டனை பெற்றவர் இரண்டு நிமிடமும் வெளியேதான் இருக்கவேணும். அடுத்த பருவத்திலேயே, ஒரு கோல் விழுந்தால் அவர் திரும்பி வரலாம் என்று விதியை மாற்றிவிட்டார்கள்.

மொன்றியல் கனேடியன்ஸ் அணியோடு, வட அமெரிக்க ஹொக்கியின் பெரிய கிண்ணமான ஸ்ரான்லி கிண்ணம் 10 தரம், 507 கோல். அதெல்லாம் நீ தேடிப் பார்க்கலாம். எனக்குப் பெரிதாகப் படுவது 1971 பங்குனி 24ஆம் திகதி இரவு. அவரைக் கௌரவிக்க விழா வைத்தார்கள். தனக்குப் பரிசு ஒன்றும் வேண்டாம், பணமாகத் தாருங்கள், வசதியில்லாத பிள்ளைகளுக்குப் போகட்டும் என்றார். ஒன்றரை லட்சம் டொலருக்கு மேல் சேர்ந்தது. அந்த நிதியை இருபது வருடத்துக்கு மேல் நடத்தி, 1993இல் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கான கியூபெக் சங்கத்திடம் ஒப்படைத்தார். அடுத்த வருடம் கனடாவின் ஆளுநர் நாயகம் பதவி தேடி வந்தது. கணவனை இழந்த மகளோடும் இரண்டு பேத்திகளோடும் இருக்கவேணும் என்று மறுத்துவிட்டார். நானும் ஒரு தகப்பன், இதை நினைத்தால் இப்பவும் நெஞ்சு நெகிழுது.

நாங்கள் அஞ்சலிக்குப் போன அன்று வரிசை முடிவில் அவருடைய மனைவி எலீஸ் நின்றார். வந்த சனத்துக்கெல்லாம் கை கொடுத்தபடி நின்றார். நீ கையுறையோடு கையை நீட்டினாய், நான்தான் கழற்றச் சொன்னேன். ஞாபகம் இருக்கா?

அந்தச் செவ்வாய்க்கிழமை கனேடியன்ஸ் ஆட்டத்தில், பெல் சென்ரரில் அவருடைய இருக்கையை வெறுமையாக விட்டு, 4ஆம் இலக்கச் சட்டையை அதில் போட்டிருந்தார்கள். அப்போது வழக்கமாக 21,287 என்று சொன்ன பார்வையாளர் எண்ணிக்கையை அன்று 21,286 என்று அறிவித்தார்கள்.

சனிக்கிழமைகளில் நீ கல்கரியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்குவதாகச் சொன்னாய். உன்னுடைய பழைய சறுக்குச் சப்பாத்து இரண்டு சோடி கீழறையில் கிடக்கு. அந்தப் பிள்ளைகளில் ஆருக்கும் அளவாயிருந்தால் சொல்லு, கூர் தீட்டி அனுப்பிவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா