பொறியியல் மாணவர்களுக்கு நிரலாக்கப் பாடம் வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கும் கணினி ஆய்வக ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

முதலாண்டு மாணவர்கள் மேட்லாப், ஆக்டேவ் போன்ற எண்கணிப்பு மென்பொருள்களின் வழியே நிரல் எழுதப் பழகுவதை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். தம் மாணவர்கள் ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியில் நிரல் எழுதாமலேயே அணிக் கணக்குகளை, அதாவது எண் அட்டவணைகளைக் கொண்ட கணக்குகளை, போட்டுப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் 1970களின் பிற்பகுதியில் கணிதப் பேராசிரியர் கிளீவ் மோலர் மேட்லாபின் முதல் வடிவத்தை உருவாக்கினார். வகுப்பறைக்கென்றே பிறந்த கருவியை வகுப்பறையில் நாம் சரியாகக் கையாளவில்லை என்பதே என் வருத்தம். கட்டளைகளைச் சொல்லித் தருகிறோம். வந்த விடையைச் சந்தேகிக்கச் சொல்லித் தருவதில்லை.

நான் நடத்திய ஆய்வக வகுப்பொன்றில் ஒரு மாணவி ஐந்து அளவீடுகளை நெடுவரிசையாகவும் அவற்றுக்குரிய ஐந்து திருத்தங்களைக் கிடைவரிசையாகவும் உள்ளிட்டு இரண்டையும் கூட்டினார். ஐந்து எண்கள் வர வேண்டிய இடத்தில் இருபத்தைந்து வந்தன. பிழை என்று திரையில் சிவப்பு எழுத்தில் ஒரு வரிகூட வரவில்லை. வரைபடத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் ஐந்து கோடுகள் விழுந்தன. அதையும் அவர் அப்படியே எடுத்துவந்து காட்டினார். முன்பெல்லாம் மேட்லாப் இத்தகைய கூட்டலைப் பிழைச்செய்தியோடு நிறுத்திவிடும். 2016-இன் இரண்டாம் பதிப்பு முதல் அதுவே வரிசைகளை விரித்து, ஒன்றின் ஒவ்வோர் எண்ணையும் மற்றதன் எல்லா எண்களோடும் கூட்டிவிடுகிறது. தேர்ந்தவருக்கு இது வசதி, புதியவருக்குப் படுகுழி. பிழை அந்த மாணவியுடையது என்று நான் கருதவில்லை. எத்தனை எண்கள் வர வேண்டும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்க்க அவருக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை, நானும்தான்.

30 பாகைக்கு சைன் கேட்டு, 0.5-க்குப் பதில் -0.988 வந்தாலும் மேலே தொடரும் மாணவர்கள் இருக்கிறார்கள். கோணத்தை ரேடியனில் தர வேண்டும் என்பது அவர்களுக்கு வெறும் குறிப்பாகவே நின்றுவிட்டது. ஒத்த இடத்து எண்களை மட்டும் பெருக்கப் பெருக்கல் குறிக்கு முன் இட வேண்டிய புள்ளி விடுபட்டால், இரு சதுர அணிகளின் பெருக்கல் வேறு கணக்காகிவிடும். அப்போதும் எச்சரிக்கை வராது.

இவை ஆய்வகத்தோடு முடிந்துபோகும் சிறு பிழைகள் அல்ல. 0.1 என்ற எண்ணைக் கணினி பயன்படுத்தும் இரும எண்முறையில் (0, 1 மட்டும் கொண்டு) துல்லியமாக எழுத முடியாது; மீதியை வெட்டிவிட வேண்டியிருக்கும். 1991 பிப்ரவரியில் சவூதி அரேபியாவின் தஹ்ரானில் நேரத்தை 0.1 நொடிகளாக எண்ணிய பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு ஏறத்தாழ 100 மணி நேரம் தொடர்ந்து இயங்கியதில், இந்தச் சிறு வெட்டுப்பிழை சேர்ந்து சேர்ந்து நொடியில் மூன்றில் ஒரு பங்காக வளர்ந்தது. வந்த ஏவுகணையை அது தடுக்கத் தவறியதால் 28 வீரர்கள் உயிரிழந்தார்கள்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான்: ஒவ்வொரு பயிற்சியிலும் நிரலை ஓட்டுவதற்கு முன், விடையில் எத்தனை எண்கள் வரும், அலகு என்ன, தோராயமாக எவ்வளவு இருக்கும் என்பதை மாணவர் கைப்பட எழுதட்டும்; அதற்கும் மதிப்பெண் தாருங்கள். கட்டளைப் பெயர்களை நினைவிலிருந்து எழுதச் சொல்லும் தாள் தேர்வுக்கு மாற்றாக, பிழைச்செய்தி எதுவும் இல்லாமல் ஓடித் தவறான விடை தரும் ஒரு நிரலைக் கணினியிலேயே கொடுத்து, குறையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஆய்வகத்துக்கு வெளியே பழக உரிமம் இல்லாதவர்களுக்கு, கட்டணமில்லாத ஆக்டேவில் முதலாண்டுப் பயிற்சிகளில் பெரும்பாலானவற்றைச் செய்துவிட முடியும் என்பதையும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வக ஆசிரியர்