பகுதிநேரப் பொலிஸுக்கு எங்களையும் கூப்பிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பொலிஸில் ஆள் போதாது, அதிலும் தமிழ் தெரிந்த ஆள் போதவே போதாது என்று வாசகர்கள் நாங்கள் மாறி மாறி எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம். எல்லோரும் அரசாங்கம் புதிதாக ஆள் எடுக்க வேண்டும் என்று சொல்லித்தான் முடிக்கிறோம். சரி, எடுக்கட்டும். ஆனால் கொழும்பில் தமிழும் சிங்களமும் நன்றாகத் தெரிந்த, வேலை, பிள்ளை, சமையல் என்று ஓடிக்கொண்டே மாதத்தில் சில மணித்தியாலம் கொடுக்கக்கூடிய எங்களைப் போன்றவர்களை ஏன் ஒருவரும் கேட்பதில்லை?

என் பெரியம்மாவின் மகள் லண்டனில் இருக்கிறாள். பகலில் மருந்துக்கடையில் வேலை, வெள்ளி இரவானால் ஸ்பெஷல் கான்ஸ்டபிள். பகுதிநேரப் பொலிஸ் என்றதும் கையில் பட்டி கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கிவிடுகிறவர்கள் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இங்கிலாந்தில் 1831 ஆம் ஆண்டிலேயே இதற்கென்று சட்டம் வந்துவிட்டது. முழுநேரப் பொலிஸுக்கு உள்ள உடுப்பும் கைது செய்யும் அதிகாரமும் இவர்களுக்கும் உண்டு. சம்பளம் மட்டும் கிடையாது, போய்வரும் செலவைக் கொடுப்பார்கள். மாதத்துக்குக் குறைந்தது 16 மணித்தியாலம் வரச்சொல்லி அங்கே பல இடங்களில் கேட்கிறார்கள். மதுபான லைசன்ஸ் வைத்திருப்பவர் சேர முடியாது என்றுகூடச் சில இடங்களில் ஒரு விதி இருக்கிறது. நம்மூரில் அந்த ஒரு விதியைக் கொண்டுவந்தாலே எத்தனை பேருக்கு முகம் சுருங்கும்!

அவள் சொல்லும் கதைகளில் கள்ளனைத் துரத்தியது குறைவு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் கலண்டர்தான் கூட. அதில் முதலில் பிள்ளைகளின் கட்டங்கள் நிரம்புமாம், நீச்சல், பரீட்சை, தமிழ்ப் பள்ளிக்கூடம். அப்புறம் அத்தானின் ஷிப்ட். மிச்சம் இருக்கிற இரவுதான் இவளுக்கு. பன்னிரண்டு மணிக்கு டியூட்டி முடியும் என்று கடதாசியில் இருக்கும், ஆனால் பதினொன்றரைக்கு ஒரு வெறிகாரனைப் பிடித்துவிட்டால் அவனைக் கொண்டுபோய் ஒப்படைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதி, சாட்சி சொன்னவர்களின் பெயர் விலாசம் பதிந்து, வீட்டுக்கு வந்து சேர விடிந்துவிடும். காலை ஒன்பதுக்குத் தமிழ்ப் பள்ளிக்கூடம், அது யாருக்காகவும் பிந்தாது. அன்றைக்கு அத்தான்தான் பாணில் ஜாம் பூசிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போவார். முதல் வருடம் முழுக்க முணுமுணுத்தாராம். இப்போது அவரே கலண்டரைப் பார்த்து, இந்த வெள்ளி வேண்டாம், அடுத்தது போ என்று சொல்கிறார். சப்பாத்தும் உடுப்பும் ஒரு பையில் தனியாக இருக்கும், அதைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் பெருமை பேசக்கூடாது என்பது பிள்ளைகளுக்குப் போட்ட கட்டளை.

சிங்கப்பூரிலும் 1946 இலிருந்து இப்படி ஒரு தொண்டர் பொலிஸ் படை இருக்கிறது. இங்கேயும் ரிசேர்வ் பொலிஸ் என்று ஒன்று இருந்தது பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆனால் யுத்தம் நடந்த நாட்டில் அது போகப்போகப் பெயருக்குத்தான் ரிசேர்வ், சோதனைச்சாவடியில் இரவு பகலாக நின்றவர்களைப் பகுதிநேரம் என்று யார் சொல்வது?

இந்த யோசனையை வீட்டில் சொன்னதும் மாமி நாற்காலியை விட்டே எழும்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வெள்ளவத்தையில் வீட்டுக்கு வீடு பொலிஸ் பதிவுப் படிவம் நிரப்பியதும், யார் வந்து தங்கினாலும் உடனே போய் அறிவித்ததும், 2007 ஜூனில் லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்களை விடியமுன் எழுப்பி பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பியதும், நீதிமன்றம் குறுக்கிட்டு நிறுத்தியதும் எங்கள் தெருவில் யாரும் மறந்த விஷயம் இல்லை. பொலிஸ் என்றால் வாசலில் வந்து நிற்கிற ஆள், நாம் போய்ச் சேருகிற இடம் அல்ல என்ற நினைப்பு அதிலிருந்து வந்தது. அந்தக் காரணத்துக்காகவே நாங்கள் உள்ளே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மாமி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

உள்ளே இருந்து என்ன செய்வது என்று கேட்கலாம். அடையாள அட்டை தொலைந்தால் புதியது எடுக்கப் பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி வேண்டும். இதற்காக மேல்மாடி அம்மாவுடன் நகரத்தில் உள்ள ஒரு நிலையத்துக்குப் போனேன், எது என்று எழுதவில்லை. அவருக்கு எழுபது தாண்டிவிட்டது, தமிழ் மட்டும்தான் தெரியும். பஸ்ஸில் கைப்பை வெட்டுப்பட்ட கதையை அவர் விரல்களால் வெட்டிக் காட்டிச் சொன்னார், நான் சிங்களத்தில் சொன்னேன், அந்தப் பொலிஸ் தம்பி பொறுமையாகவே எழுதினார். அவரில் பிழையே இல்லை. ஆனால் கடைசியில் அம்மா கையெழுத்து வைத்தது தனக்கு ஓர் எழுத்தும் புரியாத தாளில். நான் அங்கே இல்லாவிட்டால்? வந்தவர் கைப்பை பறிகொடுத்த அம்மாவாக இல்லாமல், வீட்டுக்குள் அடி வாங்கிக்கொண்டு வந்த ஒரு பெண்ணாக இருந்தால், அவள் எந்த அயலவரைக் கூட்டிக்கொண்டு வருவாள்?

பொலிஸ் நிலையங்களில் 24 மணித்தியாலமும் இரு மொழியும் தெரிந்தவர்கள் இருக்க வேண்டும், முறைப்பாடு செய்பவர் விரும்பும் மொழியிலேயே வாக்குமூலம் எழுதப்பட வேண்டும் என்று, யுத்தம் முடிந்த பிறகு அரசாங்கமே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011 அறிக்கையிலேயே சொல்லிவிட்டது. முழுநேர ஆள் வரும்வரை அந்த மேசையில் சனி, ஞாயிறும் மாலையும் உட்கார எங்கள் தொடர்மாடியிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், வங்கியில் வேலை செய்கிற தம்பி ஒருவர், அப்புறம் நான். ஆடிவேல் ரதம் காலி வீதியால் வரும்போதும் கொச்சிக்கடை அந்தோனியார் திருவிழாவிலும் காணாமல் போன பிள்ளையிடம் தமிழில் பெயர் கேட்கவும் ஆள் வேண்டும்தானே.

ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. உடுப்பு கிடைத்ததும் பக்கத்து வீட்டுக்காரனோடு உள்ள மதில் சண்டையைத் தீர்க்கக் கிளம்புகிறவர்களும், கட்சிக்காரர்களின் சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவர்களும் கட்டாயம் இருப்பார்கள். அதனால் ஒருவரையும் அவர் குடியிருக்கும் பிரிவில் போடக்கூடாது. பயிற்சி முடியாமல் மேசைக்கும் விடக்கூடாது, முறைப்பாடு வந்தால் முழுநேரக்காரரை விசாரிப்பது போலவே விசாரிக்க வேண்டும். துவக்கு எங்களுக்கு வேண்டாம். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று தெருவை வேவு பார்க்கும் வேலையை இதற்குள் நுழைத்தால் முதலில் எதிர்த்து எழுதுவதும் நானாகத்தான் இருப்பேன்.

டியூட்டி நேரம் வீட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறவர்களுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும், இது முக்கியம். என் சின்னவனுக்கு இந்த வருடம் ஸ்கொலர்ஷிப் பரீட்சை, அதுவரை என்னால் மாலையில் வர முடியாது, சனி காலை முடியும். பரீட்சை முடிந்தால் மாலையும் பார்க்கலாம். இந்த மாதிரி ஏறி இறங்குகிற நேரத்தை ஏற்றுக்கொள்ளாமல், வந்தால் முழுக்க வா, இல்லாவிட்டால் வீட்டில் இரு என்றால் பிள்ளை வளர்க்கிற ஒரு பெண்ணும் வரமாட்டாள். வேலை கொடுக்கிறவர்களும் மாதத்தில் அரை நாள் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். என் மனேஜரிடம் விளையாட்டாகக் கேட்டுப் பார்த்தேன், கணக்கு முடிக்கிற கடைசி வாரம் தவிர எப்போது என்றாலும் போ என்றார்.

பொலிஸ் மா அதிபரோ பொறுப்பான அமைச்சரோ இதை வாசித்தால் மூன்று மொழியிலும் ஒரு விண்ணப்பப் படிவத்தைப் பத்திரிகையில் போடட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை தன் சான்றிதழ்களை இப்போதே தேடி எடுத்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06