செயலாளர் ஆண்டறிக்கை: திருப்பூர் கூட்டுக் கொள்முதல்

தலைவர் அவர்களுக்கும் செயலவையினருக்கும் ஆயத்த ஆடை வணிகம் செய்யும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயலவை வழக்கம்போல் கூடியது. சந்தா, தணிக்கை விவரங்களைப் பொருளாளர் வாசிப்பார். என் அறிக்கை பெரும்பாலும் தைப்பூசத் தொண்டூழியர்களுக்காகத் திருப்பூரிலிருந்து சேர்ந்து வரவழைத்த டி-சட்டைகளைப் பற்றியது. வந்த புகாரெல்லாம் அதைப் பற்றித்தான்.

முதல் சலவையிலேயே பக்கத்தையல் கீழ்விளிம்பில் 5 செ.மீ. திரும்பித் தொப்புளைப் பார்க்கத் தொடங்கியது. நீளமும் குறைந்தது. துணி எடையில் குறையில்லை: வட்டக் கட்டரால் வெட்டிய 100 சதுர செ.மீ. துண்டு 1.8 கிராம் நின்றது, அதாவது நாம் கேட்ட 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்). டி-சட்டைக்கான ஒற்றைப் பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் நூலின் மிச்ச முறுக்கு துணியைச் சாய்க்கும். ஃபினிஷிங்கில் இழுத்து நேராக்கினாலும், சலவையில் பழைய சாய்வுக்கே போய்விடும். நீளம் குறைந்ததற்குக் காரணம் வேறு. ரோலில் இழுபட்டிருக்கும் துணியைப் பிரித்து 24 மணி நேரமாவது தளரவிட்ட பிறகே கட்டிங் மேசையில் விரிக்க வேண்டும். நம் சட்டையைத் தைத்தவர்கள் ரோல் வந்த அன்றே வெட்டிவிட்டார்கள்.

அந்த அவசரத்தில் பாதிப் பழி நமக்கு. தீபாவளிக்குப் பிறகுதான் ஆர்டர் கொடுத்தோம். போனஸ் வாங்கியதும் மதுரை, தேனிப் பக்கத்து டெய்லர்கள் ஊருக்குப் போவது பழைய கணக்கு. இப்போது பவர்டேபிளில் (மின் தையல் மேசையில்) பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய. தீபாவளிக்கு ஆறாம் நாள் பீகார் மக்களின் பெரும் பண்டிகையான சட் பூஜை; போகிற பீகார்க்காரர் உடனே திரும்புவதில்லை. அவர்கள் வந்து மெஷினில் உட்கார்வதற்குள் பொங்கல் நெருங்கிவிடுகிறது. வெளியூர் ஆட்கள் உழைப்பில் வளர்ந்த ஊரில் அவர்கள் பண்டிகைதான் காலண்டர்.

கருநீலத்துக்கு ஏன் கூடுதல் விலை என்றும் கேட்டிருந்தார்கள். திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றின் மாசு வழக்கில், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத சுத்திகரிப்பு இருந்தால்தான் மறுபடி இயங்க முடிந்தது. கருநீலம் துணியில் ஏறச் சாய நீரில் லிட்டருக்குச் சுமார் 80 கிராம் உப்பு பிடிக்கும். இளமஞ்சளுக்கு அதில் பாதிகூட வேண்டாம். அந்த உப்பைக் கழிவுநீரிலிருந்து பிரித்தெடுக்கக் கொதிகலன் எரியும் செலவு நம் பில்லில் ஏறுகிறது.

அடுத்த ஆர்டர் ஜூலையில் போகும். துணியில் 50 செ.மீ. சதுரம் குறித்து மூன்று முறை துவைப்போம். ஒரு பக்கமாவது 47.5-க்குக் கீழே சுருங்கினால் வெட்ட அனுமதி இல்லை. தையல் திருப்பத்தையும் அப்போதே அளப்போம்.

துவைத்த சட்டையும் துவைக்காத சட்டையும் வாசல் மேசையில் இருக்கின்றன. தேநீருக்குப் போகுமுன் பக்கத்தையலை ஒத்துப் பாருங்கள்.

செயலாளர்