15 அடி வாசலுக்கு 10 அடிக் கடையின் பட்டை: ஷட்டர் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உரக்கடை உரிமையாளர்,
பணகுடி, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர்,
ரோலிங் ஷட்டர் தயாரிப்பு நிறுவனம்,
திருநெல்வேலி.

பொருள்: கோடவுன் ஷட்டரின் பட்டைகள் காற்றில் வளைந்து சேனலை விட்டு வெளியே வந்தது, சரியான பட்டைகளை மாற்றித் தரக் கோருவது.

ஐயா,

எங்கள் உரக் கோடவுனுக்கு 15 அடி அகலம், 12 அடி உயரத்தில் நீங்கள் செய்து மாட்டிய ஷட்டர், இந்த ஆடிக் காற்றில் உள்பக்கமாகக் குழிந்து, நடுப் பட்டைகள் இடது கைடு சேனலை (பட்டைகளின் நுனி ஏறி இறங்கும் பக்கவாட்டு இரும்புக் காடி) விட்டு வெளியே வந்துவிட்டன. ராத்திரி நேரம் என்பதால் யாரும் பார்க்கவில்லை. விடிந்து போய்ப் பார்த்தால் வாசலோரம் அடுக்கியிருந்த யூரியா மூட்டைகள் சாரலில் நனைந்து கட்டி தட்டியிருந்தன.

போனில் சொன்னபோது, இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று உங்கள் அலுவலகத்தில் பதில் வந்தது. இதை நான் ஏற்கவில்லை. புயல் எதுவும் அடிக்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று வருஷா வருஷம் இந்தப் பக்கம் பாய்வது ஊரறிந்த விஷயம். அதை நம்பித்தானே முப்பந்தலில் தொடங்கிக் காவல்கிணறு, பணகுடி, ராதாபுரம் என்று காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன! அளவெடுக்க வந்த உங்கள் ஆட்கள், வாசல் மேற்குப் பார்த்தது என்பதையும் அளவுத்தாளில் குறித்துக்கொண்டார்கள். காற்றும் தெரியும், திசையும் தெரியும். அதற்குத் தாங்குகிற பட்டையை வடிவமைப்பது தயாரிப்பவரின் வேலை.

கழன்ற பட்டை ஒன்றை வள்ளியூரில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போய், பெயின்டைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் அளந்தோம். தகட்டின் கனம் 0.7 மில்லிமீட்டர், அதாவது 22 கேஜ். உங்கள் கொட்டேஷனில் 18 கேஜ் என்று எழுதியிருக்கிறது, அதற்கு 1.2 மில்லிமீட்டர் வர வேண்டும். ரோலிங் ஷட்டருக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 6248-ம் இதையே சொல்கிறது: 3.5 மீட்டர் அகலம் வரை 0.9 மில்லிமீட்டருக்கும், அதற்கு மேல் போனால் 1.2 மில்லிமீட்டருக்கும் தகட்டின் கனம் குறையக் கூடாது. எங்கள் வாசல் நாலரை மீட்டர்.

கனத்தைவிட எனக்கு அதிக வருத்தம் பட்டையின் வடிவத்தில்தான். தட்டையான தகடு காற்றுக்கு நிற்காது. ரோலரில் விட்டு அதற்கு ஒரு புடைப்பு கொடுப்பதால்தான் அது விறைப்பாக நிற்கிறது. புடைப்பின் ஆழம் கூடக்கூட விறைப்பு ஏறத்தாழ அதன் வர்க்கமாகக் கூடும். தரப்படி இந்த ஆழம் 12 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நீங்கள் கொடுத்ததில் 8 மட்டுமே இருக்கிறது. கனத்திலும் குறைவு, ஆழத்திலும் குறைவு என்றால், இரண்டும் சேர்ந்து, இருக்க வேண்டிய விறைப்பில் கால்பங்குதான் மிஞ்சுகிறது.

அப்புறம் அகலத்தின் கணக்கு இருக்கிறது. ஒரே பட்டை, ஒரே காற்று என்றாலும், 10 அடியை 15 அடியாக்கினால் நடுவில் வளைவது ஒன்றரை மடங்கு அல்ல, ஐந்து மடங்கு. வளைவு நீளத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். கடைத்தெருவில் 10 அடிக் கடைக்குப் போடுகிற அதே பட்டையை நீளமாக வெட்டி எங்களுக்கு மாட்டியிருக்கிறீர்கள். இங்கே வடிவமைப்பு என்று எதுவுமே நடக்கவில்லை.

கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான ஐ.எஸ். 875-ல் மதுரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 39 மீட்டர். நாம் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். அந்த வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 93 கிலோ அழுத்தம் வரும். எங்கள் ஷட்டர் முழுவதற்கும் சேர்த்தால் ஒன்றரை டன். இந்தக் கணக்கைப் போட ஒரு தாளும் பேனாவும் போதும்.

பட்டை ஏன் சேனலை விட்டு வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டை நடுவில் ஓர் அடி குழிந்தால், அதன் முனைகள் பக்கத்துக்கு ஒரு அங்குலம் உள்ளே இழுபடும். உங்கள் பட்டை சேனலுக்குள் நுழைந்திருந்ததே அந்த ஒரு அங்குலம்தான். இந்த அகலத்துக்குச் சேனலின் ஆழம் 75 மில்லிமீட்டர் வேண்டும். பட்டை பக்கவாட்டில் நகராமல் நுனியில் பிடிக்கிற எண்ட் லாக் மேலே சிலவற்றில் மட்டும்தான் இருக்கிறது. நடுவில் இல்லவே இல்லை. அதனால் பட்டைகள் பக்கவாட்டில் நகர்ந்து ஒன்றையொன்று உரசி, சுருட்டிய விளிம்புகளில் பெயின்ட் போய் இப்போதே துரு ஏறுகிறது.

எனக்கு வேண்டியது இதுதான். 1.2 மில்லிமீட்டர் கால்வனைஸ்டு தகட்டில், 12 மில்லிமீட்டருக்குக் குறையாத புடைப்புடன் எல்லாப் பட்டைகளையும் மாற்றித் தர வேண்டும். ஆழமான சேனல் போட்டு, பட்டை நுனிகளில் சேனலுக்குள் கொக்கி போல மாட்டிக்கொள்ளும் விண்ட் லாக்கும் வைக்க வேண்டும். விண்ட் லாக் வைத்தால் காற்றின் இழுவை முழுக்கச் சேனலுக்குப் போகும். ஆகவே இப்போது இருப்பது போல வெறும் செங்கலில் திருகாணி அடித்துவிட்டுப் போகாமல், கான்கிரீட் தூணில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். பட்டை கனமானால் ஷட்டரின் எடையும் கூடும். ஸ்பிரிங்கையும் ஷாஃப்டையும் அதற்கேற்ப மாற்றுங்கள். பாழான மூட்டைகளின் விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன்.

மாட்டுவதற்கு முன் ஒரு பட்டையை என் முன்னால் அளந்து காட்ட வேண்டும். தகட்டின் கனத்தைப் பில்லில் கேஜ் என்று போடாமல் மில்லிமீட்டரில் எழுதித் தர வேண்டும்.

இப்போதைக்கு உள்ளே குறுக்காக இரும்புக் குழாய்களைக் கட்டி ஷட்டரை நிறுத்தியிருக்கிறோம். லாரி வரும்போதெல்லாம் அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. ஆவணி முடியும் வரை காற்று ஓயாது. இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் கொட்டேஷன், பில், அளந்த பட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உரக்கடை உரிமையாளர்,
பணகுடி.

இணைப்பு: கொட்டேஷன் நகல், பில் நகல், சேதமான மூட்டைகளின் பட்டியல், படங்கள்.